பல்லி பாஸ் பண்ணணும்

“இன்னிக்காச்சும் வாயைத் தொற ராசா” என்று டியூப்லைட்டைப் பார்த்துக் கெஞ்சினார் கன்னியப்பன். லைட்டுக்கு மேலே இருந்த பெரிய பல்லி அவரைச் சட்டை செய்யவில்லை.

மனிதர் ஆவடி டேங்க் பேக்டரியில் முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். அடுத்தவன் வேலையில் நூலளவு பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். ரிட்டயரான பிறகு, ஒரு பல்லி அவர் வேலையைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

எல்லாம் மீன் பிடிக்கிற ஆசைதான். ஊட்டிப் பக்கம் ஓடைகளில் இருக்கும் டிரவுட் மீனுக்குப் புழு வேண்டாமாம். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி கட்டிப் போட்டால், ஏமாந்து கவ்வுமாம்.

சேக்காட்டில் பிளவுஸுக்கு ஆரி வேலை செய்யும் சுரேகாவும் அவள் புருஷன் அஜித்குமாரும் ஈ கட்டுவதில் கெட்டிக்காரர்கள். நாளைக் காலை காரில் ஊட்டிக்குக் கிளம்புகிறார்கள். ஒரே ஒரு சீட் காலி.

“மொதல்ல பல்லி ஏமாறணும் அங்கிள், அப்பாலதான் மீனு. அது கவ்விச்சுன்னா சீட்டு உங்குளுது” என்று, அவர் கற்றுக்கொள்ள அவர்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள் சுரேகா.

ஆறு ஞாயிறு போயிற்று. கோழி இறகில் கட்டினார், வாத்து இறகில் கட்டினார், மனைவி வனஜாவின் சவுரியில் கட்டி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். முள்ளின் கூர்முனையை நறுக்கிவிட்டு, குச்சி நுனியில் செருகி நீட்டினால் பல்லி அசைவேனா என்றது. போன வாரம் நிஜக் கொசு ஒன்று அதன் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது. அதையும் விட்டுவிட்டது.

“கொசுவையே மதிக்கல, என் ஈயை எங்க மதிக்கப் போவுது” என்று கன்னியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

“றெக்கைய மொத்தமா வெக்கிறீங்க அங்கிள். ரெண்டு இழை போதும்” என்றாள் சுரேகா.

“நூலை இஸ்துப் புடிங்க. தலையாண்ட மூணே சுத்து” என்றான் அஜித்குமார்.

அப்படியே கட்டினார். இந்த ஈயைப் பார்த்து அவருக்கே கை ஓங்கத் தோன்றியது. குச்சியை உயர்த்தினார்.

காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டிப் பல்லி பாய்ந்து வந்தது. ஈயை லபக்கென்று கவ்விக்கொண்டு ஜன்னல் வழியாக ஓடியே போய்விட்டது.

சுரேகா கை தட்டினாள். “பாஸாயிட்டீங்க அங்கிள். ஊட்டுக்குப் போயி பையை ரெடி பண்ணுங்க.”

கன்னியப்பன் முகம் தொங்கிப்போயிற்று. வழியில் போகிறவன் போட்ட கையெழுத்தை அவர் சர்வீஸில் ஒருநாளும் ஏற்றதில்லை.

“அது செல்லாதும்மா. எங்கியோ போற பல்லி அது. இன்ஸ்பெக்டரு மேல கீறாரு. அவரு வாயைத் தொறக்காம நான் வண்டில ஏற மாட்டேன்.”

அஜித்குமார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சுரேகா ஸ்டூலில் ஏறினாள். பெரிய பல்லியை வாலைப் பிடித்துக் கழற்றி, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“இதுவும் நான் கட்டுனதுதான் அங்கிள்.”