தாய்லாந்து ரசம்

"இன்னைக்கு எந்த நாட்டுச் சாப்பாடுக்கா?"

சுடலைமாடத்தி வாசலில் நின்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து எட்டு நாள்தான் ஆகிறது. கட்டட வேலைக்கு வந்த கணவனோடு திருநெல்வேலியிலிருந்து வந்தவள். மதில் தாண்டி வரும் புதுப்புது வாசனை அவளை வீட்டில் இருக்கவிடவில்லை.

"தாய்லாந்தாம். உள்ளே வா மக்கா" என்றாள் ராகேல்.

மருமகள் சுஜா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். கலங்கிய தண்ணீரில் காளானும் மிளகாயும் மிதந்தன. எலுமிச்சை மணம் மூக்கில் ஏறியது.

"சாலைக் கடைத்தெருவில எங்கேயும் இந்த எலுமிச்சைப் புல் கிடைக்கல்ல மாமி. இன்னைக்கு லீவுதானேன்னு கல்லாறு வரைக்கும் பஸ்ஸில போய்ப் பறிச்சிட்டு வந்தேன். குடிச்சுப் பாருங்க."

ராகேல் ஒரு வாய் குடித்தாள். கண்ணில் நீர் வந்தது.

"காரமா மாமி?"

"கொஞ்சம். ஆனா நல்லாருக்கு மோளே. இன்னும் கொஞ்சம் விடு."

சுஜா சிரித்துக்கொண்டே அடுக்களைக்குப் போனாள். சுடலைமாடத்திக்கும் ஒரு டம்ளரில் வந்தது. ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்காமல் இருக்க அவள் படாதபாடு பட்டாள்.

"நேத்து என்னக்கா?"

"ஜப்பான். சோத்தை உருட்டித் தந்தா. அதுக்கு முந்தின நாள் சீனா நூடுல்ஸ், களி மாதிரி ஆயிப்போச்சு. அவ வேலை பார்க்கிற பிரவுசிங் சென்டர்ல தினமும் ஒண்ணு பார்த்து எழுதிட்டு வருவா."

"களியையுமா சாப்பிட்டிய?"

"ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்."

சுடலைமாடத்திக்குப் பாவமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு சோதனை.

"உங்க மவன் அந்த நாட்டுப் பக்கம்தான் வேலையாக்கா? அவருக்குப் பிடிச்சதைப் பழகுதா போல. அதுக்கு உங்க வயித்தையா பாடாப் படுத்தணும்?"

ராகேல் கிண்ணத்தை வழித்துக் குடித்தாள்.

"நாளைக்கு நான் மீன் குழம்பு வச்சுக் கொண்டாரேன். வாய்க்கு ருசியா நம்ம ஊருச் சாப்பாடு ஒரு நாளாவது சாப்பிடுங்க."

"வேண்டாம் மக்கா."

"ஏன், என் கையால வச்சா இறங்காதோ?" சுடலைமாடத்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

ராகேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வருத்தப்படாத. சின்ன வயசுப் பெண்ணு, அவ அம்மை வந்து கூப்பிட்டும் போகாம எனக்காக இங்கேயே இருக்கா. நான் அன்னாடம் கர்த்தருக்கு நன்றி சொல்லுறது அவளுக்காகத்தான். மீன் குழம்புன்னா மவனுக்கு உயிரு. அவியலும் அப்படித்தான், வெறும் கஞ்சியும் அப்படித்தான். அவனைக் கல்லறையில வச்சிட்டு வந்தப்புறம் இதில எதை வாயில வச்சாலும் எனக்கு இறங்கல்ல. ஆஸ்பத்திரியில கொண்டு போட்டாங்க. அன்னையில இருந்து, எனக்க மவன் ஒரு நாளும் தின்னு பார்க்காத சாப்பாடாத் தேடித் தேடி வச்சுத் தந்து, என்னை உயிரோட வச்சிருக்கிறது இவதான்."