அட்டை போட்ட கிதாபு

ஜப்பான் படக்கதையான மங்காவை வருடம் முழுக்கப் படிக்கும் போட்டி ஒன்றில், பெரம்பலூர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெயர் கொடுத்திருந்தாள் ஆஃப்ரா. அரபு நூலைப் போலவே மங்காவையும் வலப்பக்கமிருந்துதான் திறக்க வேண்டும். அட்டை போட்டு வைத்திருந்ததால், மகள் அரபுக் கிதாபு ஓதுகிறாள் என்றே அம்மா ஜுலைகா நம்பினாள்.

இன்று லப்பைக்குடிக்காட்டிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

“மாப்பிள்ளை எந்நேரமும் ஓதிக்கிட்டே இருப்பாராம்டி. என் மங்காவைப் பார்த்தா அடுப்புல போட்டுருவாரு. போட்டி பாதியிலயே நின்னுடும்,” என்று தங்கை பெனாசிரிடம் புலம்பினாள்.

“அப்ப வேணாம்னு சொல்லிடு. அத்தா தோலை உரிப்பாரு, அவ்வளவுதான்.”

சொல்லிவிடுவது என்ற முடிவோடு தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“எம்மவளுக்குக் கையில எப்பவும் கிதாபுதாங்க,” ஜுலைகா பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகம் மலர்ந்தார். “எங்க நசீரும் அப்படித்தாங்க. துபாய்லேருந்து லீவுல வந்தும் அதே வேலைதான். அட்டை போட்டு வச்சிருக்கான், யாரையும் தொட விடமாட்டான். வருஷத்துக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணுமாம், மனசுல உறுதியா நிய்யத்து வச்சிருக்கானாம். ஆனா, ஓதும்போது நடுநடுவுல கெக்கெக்கேன்னு சிரிக்கிறான். அதுதான் ஏன்னு புரியல!”

ஆஃப்ரா அம்மாவின் காதருகே குனிந்தாள்.

“எனக்குச் சம்மதம்மா.”