பழைய ஃபேனே இருக்கட்டும்

“ஃபேனை மட்டும் மாத்திடாதீங்க தம்பி. பழசே இருக்கட்டும்” என்றாள் ஜோசலின்.

சேலையூர் கேம்ப் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யாசீனுக்குச் சுர்ரென்று ஏறியது. இவ்வளவு நேரமும் நல்ல கஸ்டமராகத்தான் இருந்தாள். மகனின் கம்ப்யூட்டர் புகைந்து போய்விட்டதென்று ஆட்டோவில் தூக்கி வந்திருந்தாள். மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றிலும் உசத்தியானதையே போடச் சொன்னாள். “நடுவுல நின்னுடக் கூடாது தம்பி, எனக்கு அது போதும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைசியில் போய் ஃபேனிலா கஞ்சத்தனம்!

“இது பேரிங் தேஞ்சு போச்சுக்கா. மிக்ஸி மாதிரி கத்துது. பையன் கேம் ஆட ஆட இன்னும் கத்துமே?”

“ஆமா தம்பி. நிறுத்தினா அடங்கிடும்.”

“இப்ப புதுசைக் கேளுங்க.”

புது ஃபேன் சுற்றியது. ஜோசலின் குனிந்து காதைப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. அவள் முகம் வெளிறிவிட்டது.

“ஐயோ, வேணாம்.”

“சரி, இதுக்குக் காசே தர வேணாம். ராத்திரியில நீங்க நிம்மதியா தூங்க வேணாமா?”

“அது ஓடினப்ப தூங்கிட்டுதாம்ப்பா இருந்தேன். நின்னதுலேருந்துதான் கண்ணே மூடல.”

மெஷின் போன கவலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் யாசீன். “பையனை வரச் சொல்லுங்கக்கா. அவனே கேட்டுட்டுச் சொல்லட்டும்.”

“வரமாட்டான்.”

“போன்லயாவது பேசச் சொல்லுங்களேன்!”

ஜோசலின் பழைய ஃபேனை எடுத்து முந்தானையால் தூசியைத் துடைத்தாள். அழுகையை அடக்க முடியவில்லை.

“காலேஜை விட்டுட்டு வந்து ரூம் கதவைச் சாத்தினவன் தம்பி. பேச்சும் இல்ல, மூஞ்சியும் காட்டறதில்ல. சாப்பாடு வெச்சா ஒருநாள் எடுப்பான், ஒருநாள் அப்படியே கெடக்கும். டாக்டரும் வந்து பாத்தாரு, சர்ச் ஃபாதரும் வந்து பாத்தாரு. கதவைத்தான் பாத்துட்டுப் போனாங்க. இந்தக் கம்ப்யூட்டரைக்கூட நான் கடைக்குப் போயிருந்தப்ப வெளிய வெச்சிட்டு மறுபடி பூட்டிக்கிட்டான்.”

யாசீன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

அவள் பழைய ஃபேனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இது கத்தினாத்தான் தம்பி, உள்ள உயிரோட இருக்கான்னு தெரியும்.”