கடைசி ஊர்

மஞ்சக்குப்பத்து ஹாலில் வருங்காலத் தலைவர்களுக்கு வெள்ளப் பயிற்சி. மேஜைமேல் தெர்மகோலில் செய்த ஆறு. கரையோரம் தீப்பெட்டி வீடுகளோடு பெயரில்லாத மூன்று ஊர்கள்.

"டவுனைக் காப்பாத்தணும். எந்த ஊர்ப் பக்கம் கரைய வெட்டி விடுவீங்க?" என்றார் பயிற்சியாளர் பாலகுமார்.

பட்டதாரிகளுக்கு நடுவே, சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு குக்கிராமத்திலிருந்து வந்த நிலோஃபர் எழுந்தாள். ப்ளஸ் டூ மட்டுமே படித்த தன்னைத் தேடிவந்து சேர்த்தவர்களை அவள் ஏமாற்ற விரும்பவில்லை.

"கடைசி ஊர் சார். அங்கதான் வீடு கம்மி."

"அது உங்க ஊரா இருந்தா?"

"அப்பவும் அதத்தான் சொல்வேன். லீடர்னா சொந்த ஊரு, அசலூருன்னு பாக்கக் கூடாது சார்."

கைதட்டல் அடங்க நேரமானது. அவள் பேச்சை வீடியோ எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள்.

சாயங்காலம், கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்குக் கிளம்பியவளை பாலகுமார் நிறுத்தினார்.

"ஊருக்குப் போவாதம்மா, ரோடு இருக்காது. உங்க ஊர்ப் பக்கம் கரைய வெட்டியாச்சு."

"எங்க ஊரா?"

"நீ காட்டுன கடைசி ஊர்தான். ஜனங்க பொக்லைன மறிப்பாங்கன்னு தெரியும், அதுக்குத்தான் அந்த ஊர்லேருந்தே ஒரு ஆள எடுத்தோம். உன் வீடியோவப் போட்டுக் காட்டுனோம். உங்கப்பாதான் மொதல்ல வழிவிட்டாரு."