சுவரை உடைத்தவர்

“கோயில்காரங்களா? தண்ணி பூந்தப்ப வரல, இப்ப இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?”

வாசலில் உட்கார்ந்து இட்லி மாவை பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்த கஸ்தூரி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அவள் முன்னால் நின்ற இளங்கோவுக்கு அந்தக் கோபம் புரிந்தது. அவள் கேட்டதில் தப்பு எதுவும் இல்லை.

பட்டாபிராமில் ரயில் பாதையை ஒட்டியிருந்த சின்னக் கிறிஸ்தவச் சபை ஒன்றில் இளங்கோ கமிட்டி உறுப்பினர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஞானதுரையைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது இளங்கோவும் அவருக்குத்தான் கை தூக்கினார். ஞானதுரையின் பேச்சு அப்படி. மைக்கைப் பிடித்தால் சபையே சொக்கிப் போகும். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்கவே மாட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

வாரா வாரம் கமிட்டிக் கூட்டம் போடுவார். முடிவை மட்டும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குச் சபை ஹாலில் நடந்துவந்த இலவச டியூஷனை, தரை அழுக்காகிறது என்று நிறுத்தினார். கண்டவர்களும் உள்ளே நுழைகிறார்கள் என்று பின்பக்கம் நீளமாகச் சுவர் எழுப்பினார். மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வடியும் என்று போதகர் சொன்னதையும் கேட்கவில்லை. அந்த வருட மழையில் கஸ்தூரியின் தெருவில் வீட்டுக்கு வீடு தண்ணீர் புகுந்தது. மனம் வெறுத்துச் சபையை விட்டே போன குடும்பங்களும் உண்டு.

இப்போது ஞானதுரையின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. வருகிற ஞாயிறு தேர்தல். இந்தத் தடவை குரலைக் கேட்டு மயங்க வேண்டாம், சபைக்கு வெளியே இருப்பவர்களிடமும் நல்ல பேர் எடுத்தவராகப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று போதகர்தான் இளங்கோவை அனுப்பியிருந்தார்.

இளங்கோ எதையும் மறைக்காமல் சொன்னார். முதலில் மன்னிப்பும் கேட்டார். கஸ்தூரிக்குக் கோபம் இறங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உங்க ஆளுங்க யாருமே வரலன்னு சொன்னா அது பாவம் சார். ஒருத்தங்க வந்தாங்க.”

தண்ணீர் ஏறிய அன்று காலையில், கொட்டுகிற மழையில், கடப்பாரையும் கையுமாக வந்து நின்றாராம் அந்த ஒருவர். தெரு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், சுவரின் அடியில் முதல் கல்லைத் தானே பெயர்த்துத் தண்ணீருக்கு வழி விட்டாராம்.

இளங்கோ நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரை உடைத்தது தெருக்காரர்கள்தான் என்று சபையில் இன்று வரை பேச்சு.

“நான்தான் உடைச்சேன்னு சபையில சொல்லிடுறேன்னுதான் நின்னாங்க. நாங்கதான் வாணாம்னுட்டோம். இவ்ளோ நல்லது பண்ணவங்களுக்கு எங்களால தொல்ல வரக் கூடாதுல்ல?”

அதோடு முடியவில்லை. நின்றுபோன டியூஷனை அதே ஆள் கஸ்தூரி வீட்டு மாடியில் திரும்ப ஆரம்பித்திருக்கிறார். வாராவாரம் நடக்கிறதாம். அவளுடைய மகள் கணக்கில் பாஸானதே அதனால்தானாம். எந்த நேரத்தில் என்று இளங்கோ கேட்டார். கமிட்டிக் கூட்டம் நடக்கிற அதே நேரத்தைத்தான் கஸ்தூரி சொன்னாள். அப்படியானால் கமிட்டி ஆட்களில் யாரும் இல்லை. சபையில் இருக்கும் ஒவ்வொருவரையும் நினைத்துப் பார்த்தார். யாரும் பொருந்தவில்லை.

“எப்படிப்பட்டவங்க?” என்றார்.

கஸ்தூரி கொஞ்சம் யோசித்தாள். “மொத நாளு நாங்க வாய்க்கு வந்தபடி திட்டினோம் சார். ஒரு வார்த்த எதுத்துப் பேசல. முழுசா கேட்டாங்க. கேட்டு முடிச்சிட்டுதான் கடப்பாரைய எடுத்தாங்க.”

இளங்கோவுக்கு மனசு லேசானது. இத்தனை நாளாகச் சபை தேடிக்கொண்டிருந்தது இப்படி ஒருவரைத்தான். பேரைக் கேட்டார். அவள் தலையசைத்தாள்.

“பேர வெளிய வுடறதில்லன்னு எங்க தெருவே ஒத்துகினு கீது. வேணும்னா ஊட்ட காட்டறேன். ஊடு பேரு இல்லியே.”

இருவரும் சிரித்துவிட்டார்கள். கஸ்தூரி மாவுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு முன்னால் நடந்தாள். டீக்கடையைத் தாண்டி இரண்டாவது சந்தில் திரும்பினாள். சபையார் வீடுகள் ஐந்தாறு இருக்கிற தெரு அது. எந்த வீடாக இருக்கும் என்று இளங்கோ ஆவலாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பச்சை நிற கேட் முன்னால் அவள் நின்றாள்.

“இந்த வீடா?” இளங்கோ திகைத்தார்.

“இந்த ஊடேதான். நீங்க பேசிட்டு வாங்க. போற வழியில நம்ம ஊட்ல டீ குடிச்சிட்டுப் போங்க.” அவள் திரும்பி நடந்துவிட்டாள்.

இளங்கோ கேட்டைப் பார்த்தார்; டியூஷன் நடக்கும் நேரம் என்று கஸ்தூரி சொன்னதை நினைத்துப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கேட்டைத் திறந்துகொண்டு போய் மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் ஞானதுரை. இளங்கோவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி. சுத்திச் சுத்தி கடைசியில இங்கதான் வருவீங்கன்னு எனக்குத் தெரியும். புதுச் செயலாளர் விஷயம்தானே?”

“ஆமாண்ணே,” என்று செருப்பைக் கழற்றினார் இளங்கோ. “உங்க வீட்டம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்க.”