வீட்டு வைஃபை

கணினியில் சேர்ந்துபோயிருந்த பழைய வைஃபை இணைப்புகளையெல்லாம் எடுத்துவிடச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போனார். வந்ததும் அவருக்கு அலுவலகத்தின் வீடியோ கூட்டம்.

மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தாள். அவர் தங்கிய விடுதிகள். மாற்றலாவதற்கு முன்பிருந்த அலுவலகம். அடுத்தது, அம்மா கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி.

இதுவும் வேண்டாதது என்கிறாரா?

சொல்லக்கூடிய மனிதர்தான். அம்மா போய் வருடம் திரும்பும் முன் மாப்பிள்ளையாக நின்றவர். சித்தி வருகிறாள் என்று சுவரிலிருந்த அம்மா படங்களைக் கழற்றி, ஆணி ஓட்டைகளைக்கூட அடைத்துப் பெயின்ட் பூசியவர். அதற்குப் பிறகு அம்மா பேச்சையே எடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியை அழித்தாள்.

அதே கோபத்தில் வீட்டு வைஃபையையும் அழித்தாள்.

பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும். சித்திக்குத் தெரியாது. யார் கேட்டாலும் அப்பா அவர்கள் போனைத் தானே வாங்கி, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு போட்டுக் கொடுப்பார். இன்றைக்குச் சித்தி எதிரில் வாயைத் திறக்கட்டும். இரண்டு பேர் முகத்தையும் உட்கார்ந்து பார்க்கலாம்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"பாஸ்வேர்டு கேக்குதுப்பா. என்னன்னு சொல்லுங்க."

அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். "உனக்குத்தான் தெரியுமே, நீயே போடேன்" என்றார் மெதுவாக.

"எனக்கு ஞாபகமில்லப்பா" என்று குரலை உயர்த்திச் சொன்னாள்.

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இப்படிக் குடு, நான் போடறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து, விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. அப்பாவுக்கு வேறு வழியில்லை. தரையைப் பார்த்தபடி, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அம்மாவின் பெயர்.

சித்தியின் முகம் கறுக்கும் என்று மகள் காத்திருந்தாள். கறுக்கவில்லை. அப்பா மூன்றாவது எழுத்தில் திணறிக்கொண்டிருந்தபோதே சித்தியின் விரல்கள் தட்டி முடித்திருந்தன. நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகள் திரையைப் பார்த்தாள். இணைப்பு வந்துவிட்டிருந்தது.

சித்தி கணினியை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரியா காதுல விழல. அக்கா பேரை முழுசா, சத்தமா சொல்லுங்க."