தராசு பார்த்த கல்யாணம்

போன மார்கழி பஜனை முடிந்து வரும்போது, வேதியியல் படித்த என் மகள் செண்பகவல்லி சொன்ன கதை இது.

கந்தகப் பெண்களுக்கும் இரும்பு மாப்பிள்ளைகளுக்கும் சோதனைக் குழாயில் கல்யாணம். ஒரு பெண்ணுக்கு ஒரு மாப்பிள்ளை. தரகராக வந்த தராசு, இரு பக்கத்தையும் கிராம் பார்த்துச் சமமாக நிறுத்தது.

"முள் அசையலை பாருங்க. ஒருத்தரும் மிஞ்சமாட்டீங்க!"

சூடேறியதும் ஜோடிகள் சேர்ந்தன. கந்தகத்தில் பலர் மிஞ்சினார்கள். அதில் சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மாமா, என் மாப்பிள்ளை எங்கே?"

"எடை சரியாத்தானேம்மா இருந்துச்சு!"

"அவங்க ஒவ்வொருத்தரும் எங்களைவிடக் குண்டு. அதே எடைக்கு ஆள் கம்மியாத்தானே வரும்? கிராமை அவங்கவங்க கனத்தால வகுத்து, மோலாக்கித் தலை எண்ணியிருக்கக் கூடாதா?"

தராசு இரண்டு தட்டையும் தொங்கப்போட்டுக்கொண்டது.

உங்கள் வீட்டில் இரும்புத்தூள் இருந்தால் ஒரு சிட்டிகை கொடுத்தனுப்புங்கள், புண்ணியமாய்ப் போகும். அந்தப் பெண் இன்னும் காத்திருக்கிறாள்.